உப்பு சரியாக இருக்கிறதாம்

கரியாலூரிலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு வயதான அம்மா. கண்புரை ஆபரேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் புருஷன், வேண்டாம் என்று வழியெல்லாம் தடுத்துக்கொண்டே வந்தார்.

“கண்ணு மங்கினாலும் கொழம்புல உப்பு சரியாத்தானே போடறே? ஆபரேஷன் இன்னாத்துக்கு?”

“நேத்து கீரையில புழு கெடந்துச்சா இல்லியான்னு நான் பாக்கல. நீ தின்னுட்டே.”

பஸ்ஸே சிரித்தது. அந்த ஆள் விடவில்லை.

“ஒரு மாசம் அடுப்பாண்ட போவக்கூடாதாமே. யாரு சோறாக்கறது?”

“உனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணப்ப நான் ஆக்கிப் போடல? இப்ப நீ ஆக்கு.”

“எனக்கு அடுப்பு பத்தவெக்கக்கூட வராது.”

“நல்லா ரெண்டு கண்ணு வெச்சிருக்கியே, பாத்து ஊது.”

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அந்த அம்மா கம்பியைத் தடவிப் பிடித்து முதலில் இறங்கினார். கீழே நின்று திரும்பிச் சொன்னார்:

“பையை எடுத்துக்கினு வாய்யா. படியைப் பாத்து எறங்கு.”