பூச்சு இல்லாத கால்

ராஜபாளையத்தில் பஸ் ஏறியவரின் மடியில் துணி சுற்றிய நீளப் பொட்டலம் ஒன்று இருந்தது. என்னவென்று பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார்.

"எங்கண்ணன் காலு."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரில எடுத்துட்டாவ. அதான் நானே கார்பன் ஃபைபர் துணிய அச்சுல அடுக்கி, ரெசின் பசை ஊத்தி செயற்கைக் காலு செஞ்சிருக்கேன்."

துணியை விலக்கினார். கறுப்பாக, நெசவு அப்படியே தெரிந்தது.

"மேல ஒண்ணும் பூசலியா?" என்றார் பெரியவர்.

"போன தடவ செஞ்ச காலுக்கு ஜெல்கோட்னு பளபளப்புப் பூச்சு பூசுனேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அடியில ஒரு எடத்துல ரெசின் ஏறாம வறண்டு கெடந்தது பூச்சுல மறைஞ்சிருச்சு. அய்யனார் கோவில் ஏத்தத்துல ஒடிஞ்சு, அண்ணன் பாறையில விழுந்துட்டாரு."

"ஏசுனாரா?"

"இல்ல. 'ஏலே, அடுத்ததுக்கு ஒண்ணும் பூசாத. கொறை இருந்தா நானும் பாத்துக்கிடுதேன்'னாரு."

சன்னல் வெயிலில் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணுக்கால் பக்கம் அவர் கட்டைவிரல் நின்றது. ரெசின் ஏறாமல், அரிசி அளவுக்கு ஒரு வெளுத்த புள்ளி.

"பட்டறை டியூப்லைட்டுல இது தெரியல."

"இம்புட்டுதான? ஒங்கண்ணனுக்குத் தெரியவா போகுது?" என்றார் பெரியவர்.

அவர் காலை மறுபடி துணியில் சுற்றினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் முன்பே அவர் போனை எடுத்தார்.

"அண்ணே, காலு இன்னைக்கு வராது."