மோகுமிக்கு வயதாகக் கூடாது

நவோஹிரோ அவர்களுக்கு,

ஆப்பிள் பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. ஹிரோசாகியிலிருந்து தோக்கியோ வரை லாரியில் வந்தும் ஒரு பழம்கூட அடிபடவில்லை. உங்கள் ஊரில் இப்போது செர்ரிப் பூ பார்க்க வரும் கூட்டம் தொடங்கியிருக்கும், அதற்குள் பஸ் ஓட்டுவது லேசான வேலை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் இருந்த உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "அம்மாவைக் கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்டீர்கள். அந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களா?" என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னார். அதைச் சொல்வதற்கு முன்பு வேறு சிலவற்றைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

முப்பது வருடமாக 'மிச்சிமோ' வீடியோ கேம் வரிசையில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்டதில்லை. விசிட்டிங் கார்டில் 'உலகக் கண்காணிப்பாளர்' என்று போட்டிருக்கும். உங்கள் அம்மா அதைக் காட்டிக்காட்டிச் சிரிப்பார். "உலகத்தையே கண்காணிக்கிறாராம். சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்காரு, அதக் கண்காணிக்க ஆளில்ல" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். எனக்குக் கோபம் வந்ததில்லை.

மிச்சிமோ பிராணிகளைப் பிடித்து வளர்த்து, கூட அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் விளையாட்டு அது. பதினொரு பாகம் வந்துவிட்டது. பாகத்துக்குப் பாகம் மலையும் கடலும் மாறும், நூறு புதுப் பிராணிகள் வரும். ஆனாலும் எந்தப் பாகத்தை எடுத்தாலும் அதே உலகம் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். அதற்கு நான்தான் பொறுப்பு. வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து விழும். கோடு தடிமனாக, கறுப்பாக இல்லாமல் அடர் பழுப்பாக இருக்கும். கண்ணில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ஊருக்கு ஒரு கூரை நிறம். சண்டையில் தோற்ற பிராணி சாவதில்லை, தூங்கிவிடும். கல்லறை என்று ஒன்று அந்த உலகத்தில் எங்கேயும் கிடையாது. பிராணி வளரும், கொம்பு முளைக்கும், இறக்கை விரியும். கிழடாகாது.

இதையெல்லாம் முதல் பாகம் செய்தபோது ஒரே தாளில் எழுதினேன். அப்போது கம்பெனி என்பது ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. படம் போட நாங்கள் இரண்டே பேர், உங்கள் அம்மாவும் நானும். சாம்பல் நிறத்தில் நாலு சாயல் மட்டுமே காட்டும் சின்னத் திரை. அதில் புள்ளி புள்ளியாக அவர் மோகுமியை வரைந்தார். விளையாட்டைத் தொடங்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலில் கிடைக்கும் பிராணி. உருண்டை உடம்பு, காகித விளக்கைப் போல உள்ளே வெளிச்சம் எரியும் வால். நான் அதன் மூக்கிலிருந்து ஒரு புள்ளியை எடுத்தேன். அவர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா செரா, இப்பத்தான் இது உயிரோட இருக்கு" என்றார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்கவில்லை. மீதியையும் முறையாகச் சொல்லி முடிக்கிறேன்.

போன வருடம் மே மாதம் அவர் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. உங்களுக்குச் சொன்ன அதே வாரம் எனக்கும் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்தார். ஜூலையில் முப்பதாம் ஆண்டுப் பதிப்புக்காக ஒரு படம் கொண்டுவந்தார். மோகுமியின் கடைசி வளர்ச்சி. முகத்தில் ரோமம் வெளுத்திருந்தது. முதுகு தொய்ந்து, ஒரு கண்ணில் புரை விழுந்து, வால் விளக்கு மங்கலாக எரிந்தது. அதைக் கூட அழைத்துப் போகிறவர் ஓட முடியாது, அதன் நடைக்கு நடக்க வேண்டும்.

நான் சிவப்புப் பென்சிலில் பதினாலு இடத்தில் குறித்துத் திருப்பி அனுப்பினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு டாக்ஸியில் நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"உனக்கு நரைக்கலாம், மோகுமிக்கு நரைக்கக் கூடாதா?"

"நரைச்சா, அடுத்து என்னன்னு குழந்தைங்க கேக்கும்."

"கேக்கட்டுமே. நானும்தான் கேக்கிறேன்."

படத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் இயக்குநரும் அவர் பக்கமே பேசினார். "செரா சான், மொதப் பாகம் ஆடின பசங்களுக்கு இப்ப நாப்பது வயசு. வளத்த நாய் செத்திருக்கும், அப்பா செத்திருப்பாரு. அவங்களுக்கும் ஒண்ணு வேணும்ல" என்றார். ஏழு பேர் வேண்டும் என்றார்கள். ஒருவன் வேண்டாம் என்றான். உங்கள் அம்மா என் தோளில் தட்டிவிட்டு, "தோத்துட்டேன்னு தூங்கிடாத" என்று சிரித்தார்.

ஆகஸ்டில், முன்னோரைக் கும்பிடும் ஓபோன் விடுமுறைக்கு நீங்கள் வந்து அம்மாவோடு நாலு நாள் தங்கினீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிய மறுநாள் மோகுமியின் முதுமைப் படம் இன்டர்நெட்டில் வெளியானது.

வெளியிட்டவன் நான்.

ஒரு உலகத்தைக் காப்பாற்ற ஒரு படத்தைப் பலி கொடுப்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. அரைகுறைப் படம் முன்னாலேயே வெளியானால் ரசிகர்கள் கொதிப்பார்கள், கம்பெனி பயந்து பின்வாங்கும் என்று கணித்தேன். அப்படியே நடந்தது. "என் மோகுமியைக் கொல்லாதீர்கள்" என்று மூன்றே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். அதைப் பார்த்து அழுததாகவும், செத்துப்போன நாயை நினைத்துக்கொண்டதாகவும், தயவுசெய்து நீக்காதீர்கள் என்றும் எழுதியவர்களும் இருந்தார்கள். உண்மையில் அவர்களே அதிகம். கடிதங்களைத் தொகுத்துக் கூட்டத்தில் வைக்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டாம் வகையை நான் வைக்கவில்லை.

வெளியாகாத படங்களை யார் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஆளுக்கு ஒரு பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் கண்ணின் வெள்ளைப் புள்ளி மயிரிழை தள்ளி இருக்கும். யாருடைய பிரதிக்கு எந்த இடம் என்று பட்டியல் இருக்கிறது. அந்த ஏற்பாடு என் யோசனை. வெளியான படத்தின் புள்ளி உங்கள் அம்மாவின் பிரதிக்கு உரியது.

அவருக்குக் கண் பார்வை மங்க ஆரம்பித்திருந்ததால் வெள்ளிக்கிழமைதோறும் தன் பிரதியை எனக்கு அனுப்பி, நிறம் சரியா என்று பார்க்கச் சொல்வார். வேறு யார் கண்ணையும் அவர் நம்பியதில்லை. கைக்கெட்டிய பிரதியை எடுத்தேன், அவ்வளவுதான். என்னுடைய பிரதியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கம்பெனி வழக்குப் போடவில்லை. நோயாளி என்பதால் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. படம் நீக்கப்பட்டது. அவரை இனி வர வேண்டாம் என்றார்கள். முப்பதாம் ஆண்டு மலரில் அவர் பெயர் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரைத் தின்றது வேறு கேள்வி. படம் இருந்த அவருடைய டேப்லெட் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அந்த நாலு நாளும் வீட்டில் இருந்தது இரண்டு பேர். தான் செய்யவில்லை. எனக்கு அனுப்பிவந்ததை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

செப்டம்பரில் அவர் உங்களுக்கு ஃபோன் செய்தபோது நான் அந்த அறையில் பேரிக்காய் தோல் சீவிக்கொண்டிருந்தேன்.

"நவோ, நீதானா?" என்றார்.

நீங்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நீயே அப்படி நினைக்கிறியாம்மா?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டீர்கள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கோபத்தில் வாயடைத்துப் போன ஒருவரின் மௌனம் அது என்று எனக்குப் புரிந்தது. அவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவன் செஞ்சிருப்பானா செரா?"

"பிள்ளைங்க பெருமைக்காகச் செய்யறதுதான். எங்கம்மா வரைஞ்சதுன்னு யார்கிட்டயாவது காட்டியிருப்பான். கெட்ட எண்ணம் இருந்திருக்காது" என்றேன்.

உங்களை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினேன் என்பதைக் கவனிப்பீர்கள். அவர் தட்டிலிருந்த பேரிக்காயைத் தொடவில்லை. அதன் பிறகு உங்கள் பெயரை எடுக்கவும் இல்லை.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் தினமும் போனேன். அவருக்குப் பிடித்த சிவப்புப் பயறு இனிப்பை வாங்கிக்கொண்டு போவேன். ஒரு துணுக்கு நாக்கில் வைத்துக்கொள்வார், மீதியை நான் சாப்பிடுவேன். முதல் பாகத்தின் ஊர்களைப் பற்றிப் பேசுவோம். எந்த ஊருக்கு எந்தக் கூரை என்று அவர் கேட்பார், நான் சொல்வேன். கலங்கரை விளக்கு ஊருக்கு நீலம். ஆற்றங்கரை ஊருக்குக் கத்திரிப்பூ நிறம். நாலே சாம்பல் சாயல் கொண்ட திரையில் அந்த நிறங்கள் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரிந்தவை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி நீங்கள் எனக்கு ஃபோன் செய்தது நினைவிருக்கும். "நான் வரலாமா செரா சான்? அம்மா கத்துனாலும் பரவால்ல, ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேன்" என்றீர்கள். மனசு உலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவராகக் கூப்பிடும்வரை பொறுங்கள் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் இருவரும் அஞ்சு நிமிடம் முகம் பார்த்துப் பேசினால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த உடம்போடு அவர் அதைத் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பிப்ரவரி இருபத்தாறு, மதியம் இரண்டு மணி. வெயில் கட்டிலின் பாதிவரை வந்திருந்தது. அவர் கண்ணைத் திறந்து, ரொம்பத் தெளிவாகப் பேசினார்.

"நவோவக் கூப்பிடு."

"எதுக்கு இப்ப?"

"அவன் செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன. ஒரு படந்தானே செரா. எம்புள்ள அவன். நான் கேட்டிருக்கவே கூடாது. வரச் சொல்லு, சீக்கிரம்."

நான் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வராந்தாவின் கடைசியில், காசு போட்டால் டின் பானம் தரும் மெஷின் ஒன்று இருந்தது. அதில் ஒரு டின் சோள சூப் வாங்கி, நின்றுகொண்டே குடித்தேன். சூடாக இருந்ததால் பத்து நிமிடம் ஆயிற்று. உங்கள் நம்பரை நான் அழுத்தவில்லை. அறைக்குத் திரும்பினேன்.

"பேசினியா?"

"பேசினேன். அவன் வரலையாம்."

"அப்படியா" என்றார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"சாப்பிட்டானான்னு கேட்டியா?"

"கேட்டேன். சாப்பிட்டானாம்."

"சரி" என்றார்.

உங்களைப் பற்றி அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. நினைவு மட்டும் இருந்தது. யாராவது வராந்தாவில் போகும் சத்தம் கேட்டால் கண் கதவுப் பக்கம் போகும். நர்ஸ் வந்தாலும் போகும். இரண்டு நாள் அப்படியே இருந்தார்.

படத்தைக் கசியவிட்டது நான். பழியை உங்கள் அம்மா மேல் போட்டது நான். அது உங்கள் மேல் திரும்பியபோது பேசாமல் இருந்ததும், உங்களை வரவிடாமல் தடுத்ததும், வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னதாக அவரிடம் சொன்னதும் நான். இந்தக் கடிதத்தின் நகலைக் கம்பெனிக்கும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு நாளும் நான் அவர் கையை விடவில்லை. டாக்டரையும் நர்ஸையும் தவிர அந்த அறைக்குள் வேறு யாரும் வரவில்லை. அந்த முதல் அறையில் இருந்ததைப் போலவே, அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். உங்கள் அம்மாவை நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை. அது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

செரா மிக்கியோ