தக்வெல் தட்டில் ஒரு குட்டைவால் குதிரை

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, செயலாளர் அவர்களே, தேநீர் ஆறுவதற்குள் இவன் பேச்சு முடியுமா என்று கடிகாரத்தைப் பார்க்கும் ஆஷ்கோம்ப் நாணயக் கழகத்துப் பெருமக்களே!

போய்விட்டார் அம்ப்ரோஸ் தக்வெல்! முப்பத்தொரு ஆண்டுகள் நம் தலைவர்; பிரிட்டிஷ் தங்கச் சவரனின் முடிசூடா மன்னர்! தன் பிறந்தநாளை மறப்பார். சவரனின் பின்பக்கத்தில் குதிரைமேல் அமர்ந்து, முறிந்த ஈட்டியோடு நாகத்தை எதிர்த்த புனித ஜார்ஜுக்கு எந்த ஆண்டு வாள் கிடைத்தது என்பதை மறப்பாரா? காசில் ஒவ்வொரு மன்னரின் முகமும் முந்தியவருக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் வழக்கத்தை விளக்கத் தொடங்கி, என் மகள் திருமணத்தில் மூன்று மணிநேரம் கேக் வெட்டவிடாத மாமனிதர் அல்லவா!

ஆனால் எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்குகிறது. "பழங்காசைத் தேய்க்காதே!" இதை ஒன்பது லட்சம் முறை சொன்னவர் அவர். பல் மருத்துவரிடம், வாயைத் திறந்தபடியே சொன்னவர்! ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த தங்கை ஹில்டாவிடம்! காசுத் தட்டுகள் அடுக்கிய அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாரே, ஒரு நாளாவது திறந்து காட்டினாரா?

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அண்ணனின் காசுகள் மங்கலாகத் தெரியக்கூடாதென்று, அறுபத்திரண்டு சவரன்களையும் பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டார் ஹில்டா. அவற்றைப் பெற்றுக்கொள்ள நேற்று வந்த அருங்காட்சியகத்தார், கீறல்களைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய்விட்டார்கள். நான் ஹில்டாவின் வீட்டுக்கு ஓடினேன். சமையலறையில் அழுதுகொண்டிருந்தார்.

"பார்ன்பி, கொலையே பண்ணிட்டேன்ல?"

"செத்தது உங்க அண்ணன் ஒருத்தர்தான் ஹில்டா. அதுவும் நெஞ்சு வலியில."

"கிண்டல் பண்ணாதீங்க. நெட்டைவால் தட்டுல ஒரு குதிரைக்கு மட்டும் வால் குட்டையா இருக்கு. தேச்சுத் தேச்சு நான்தான் கரைச்சுட்டேன் போல!"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். விக்டோரியா காலத்தில் புனித ஜார்ஜின் குதிரைக்கு நெட்டைவால், குட்டைவால் என்று இரண்டு அச்சுகள் உண்டென்பது உங்களுக்குத் தெரியும். இது பிறவியிலேயே குட்டைவால்! பத்தொன்பது ஆண்டுகளாகத் தவறான தட்டில் கிடந்திருக்கிறது. அந்த வாலின் நீள அழகைப் பற்றி அம்ப்ரோஸ் நான்கு சொற்பொழிவு ஆற்றினார். நாம் கைதட்டினோம். கூரை பெயரும்படி தட்டியவன் நான்! இல்லாத வாலுக்கு!

தன் காசுகளுக்கு அவர் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட பட்டியலை யார் முடிப்பது? நாமா? வெட்கமாக இல்லை?

ஆகவே உறுதி கூறுகிறேன். அருங்காட்சியகம் ஒதுக்கிய அறுபத்திரண்டும் இக்கழகத்தின் பெட்டகத்தில், அந்தப் பளபளப்போடு, தக்வெல் பெயரிலேயே இருக்கும். ஹில்டா பார்த்துச் சொல்வார்; நாம் எழுதுவோம்.

ஹில்டா, கதவுப் பக்கம் நழுவாதீர்கள்! இந்த நாற்காலி உங்களுக்குத்தான். வந்து முதல் தட்டைத் திறங்கள். நாற்பது ஆண்டு தாமதத்துக்கு, மேலே போனதும் அம்ப்ரோஸோடு நானே சண்டை போட்டுக்கொள்கிறேன்.