தும்மியும் நனையாத புடவை

ராஜா அண்ணாமலைபுரம் பஸ் ஸ்டாப்பில் எனக்குப் பக்கத்தில் மீன்காரப் பெண்கள் இருவர் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"நேத்து அடுக்கடுக்கா தும்முனேன்க்கா. பொடவ நனையவேயில்ல!"

"அத்த ஏன்டி ஊருக்கே சொல்ற?"

"பின்ன? கடைசிப் புள்ள பொறந்ததுலேர்ந்து கூடய தூக்குனாலே மூத்திரம் சொட்டுமே."

"எனக்கும்தான். அதுக்கோசரம் வித்து முடிக்கிறவரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது."

"நானும் அப்டித்தான் கெடந்தேன். ஆஸ்பத்திரி நர்சம்மா திட்னாங்க. தண்ணிய நிறுத்துனா எரிச்சல்தான் வரும், மூத்திரத்த அடக்கறாப்ல கீழ இறுக்கி இறுக்கி வுடுன்னாங்க. மாசக்கணக்கா தெனம் செஞ்சேன். கூடய தூக்கசொல்லோ மூச்சப் புடிக்கக் கூடாது, மொதல்ல இறுக்கிக்கணும்."

"வயித்தையா எக்கணும்?"

"வயிறு இல்லக்கா, கீழ. பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. தோ, இப்பக்கூட செஞ்சிக்கினுதான் கீறேன்."

மூத்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று காலைச் சேர்த்துக்கொண்டாள்.

"இன்னாக்கா?"

"இனிமேதான்டி கத்துக்கணும்."

பஸ் வந்தது. "இரு, இறுக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மூத்தவள் நிதானமாகக் கூடையைத் தூக்கினாள்.

என் காலடியில் கனமான காய்கறிப் பை இருந்தது. அதை எடுக்கக் குனிந்த நானும் ஒரு கணம் நிதானித்தேன்.