வருது, வர்றாரு

எனக்கு மழை பிடிக்கும். என் வேலையிடத்தில் குழாயைத் திறந்தால் மழை. தூறலுக்கு ஒரு குழாய், அடைமழைக்கு ஒரு குழாய். வரைபடம் நான் போட்டது.

முதல் வாக்குமூலத்தில் சிலவற்றைச் சொல்லாமல் விட்டேன். நீங்களும் கேட்கவில்லை. இப்போது வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையாக எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை.

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார்கள். அதுவரை நான் சாலை போட்டுக்கொண்டிருந்தவன். எந்தச் சாலையும் ஏதோ ஓர் ஊருக்குப் போகும். இங்கே போட்டவை எங்கும் போகாது. நாற்சந்தி உண்டு, நான்கு பக்கமும் ஊர் இல்லை. கடைகளுக்கு முகப்பு மட்டும். பின்னால் போய்ப் பார்த்தால் முட்டுக்கொடுத்த கம்பிகள். மரங்கள் தொட்டியில் நிற்கும், தொட்டிகளுக்குச் சக்கரம் உண்டு. பேருந்து வராத நிறுத்தத்துக்கு நிழற்குடை வைத்தேன். நான் கட்டியவற்றில் பிழை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

சாலையைக் கடக்கப் பொம்மைகள் இருந்தன. சாலையின் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் கம்பி ஓட விட்டிருந்தோம். மோட்டார் கம்பியை இழுக்கும், பொம்மை நின்ற வாக்கில் நகரும். மேலிருந்து பார்த்தால் தைத்ததுபோல் இருப்பதால் அந்தப் பள்ளத்துக்குத் தையல் என்று பெயர்.

பொம்மைகளுக்குச் சட்டை மாட்டி, உடைந்த கைகால்களை ஒட்டும் வேலையை என் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தேன். எந்த வேலையிலும் நிலைக்காதவன். "உங்க கண்ணு முன்னால இருந்தா ஒழுங்கா இருப்பான். அவனுக்கு உங்களை விட்டா யாரு?" என்றாள் அவள். நான் மச்சான் என்று கூப்பிட, வேலையிடத்தில் எல்லோருக்கும் அவன் மச்சான் ஆகிவிட்டான்.

பொம்மைகளுக்குப் பெயர் வைத்ததும் அவன்தான். தொப்பை வைத்தது சம்பந்தி. கைத்தடி பிடித்தது பெரிய மாமியார். வண்டிக்குப் புது மாப்பிள்ளை என்று பெயர். "பேசாது, சிரிக்காது, ஆனா வந்தா எல்லாரும் ஒதுங்கி நிக்கணும்" என்பான். அடிபட்ட பெரிய மாமியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, நிஜ மாமியாரா இருந்தா இந்நேரம் என் பரம்பரையையே இழுத்திருப்பாங்க. இது எவ்வளவு அடிச்சாலும் வாயே திறக்கல. தங்கம்" என்றான். கம்பி இழுக்கும் மோட்டாரை இயக்குகிற மோட்டார்காரர் பதிலுக்கு, இருப்பதிலேயே ஒல்லியான பொம்மைக்கு மச்சான் என்று பெயர் வைத்தார். "மூக்கைப் பாருங்க சார். ஒரே அச்சு."

மோட்டார்காரர் சாலையோரக் கூண்டில் இருப்பார். நான் மாடியில் கண்ணாடி அறையில். எது குறுக்கே வந்தாலும் அவர் வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். பொம்மை என்றால் நான் சும்மா இருப்பேன், நிற்பதும் இடிப்பதும் வண்டியின் பாடு. மனிதர் என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன், வண்டி செத்து நிற்கும்.

பொம்மைக்கும் மனிதருக்கும் ஒரே பெயர் இருந்ததால்தான் நான் குழம்பினேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மோட்டார்காரரும் அப்படித்தான் நம்புகிறார். "நான் வருதுன்னுதான் சார் சொல்லியிருப்பேன். பழக்கதோஷம். இந்த வாய்தான் அவரைக் கொன்னுது" என்று உங்கள் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. பொம்மை என்றால் "சம்பந்தி குறுக்க வருது" என்பார். மனிதர் என்றால் "வர்றாரு" என்பார். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு அது தானாக வரும். உறவுப் பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் பொம்மையை ஒருவரும் அவர் என்று சொல்லிவிடுவதில்லை.

அன்று அவர் சொன்னது: "மச்சான் குறுக்க வர்றாரு."

தெளிவாகக் கேட்டது. இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னார், குரல் மட்டும் உடைந்திருந்தது. பிறகு கூண்டைவிட்டு ஓடி வந்தார். அவரை விட்டுவிடுங்கள். பிள்ளைகுட்டிக்காரர்.

என் கை முழங்கால்மேல் இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு மதியம். பொம்மைகள் எல்லாம் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தன. வண்டி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சாலையில் எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தையலுக்கு முன்னும் அது லேசாகத் தயங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. அது கற்றுக்கொண்டது மனிதரை அல்ல, என் சாலையை. தையலைக் கண்டால் மெதுவாகப் போ, ஏதோ வரும். அவ்வளவுதான் அதன் படிப்பு.

யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகத்தைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது? உறுதியாகத் தெரிய வேண்டும். தையல் இல்லாத இடத்தில் ஏதாவது குறுக்கே போக வேண்டும். பொம்மையால் முடியாது. அதற்குக் கால் வேண்டும்.

அன்று அடைமழை திறந்திருந்தது. வண்டி வேகம் குறையவில்லை. நான் நினைத்தது சரியாக இருந்தது.

மழையில் அதன் கண் மறைத்துவிட்டது என்று நிறுவனத்தார் சொன்னார்கள். அதே மழையில் சம்பந்திக்கு ஒவ்வொரு முறையும் நின்ற வண்டி அது. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர்களுடைய தலைமைப் பொறியாளரைப் பார்த்துத் தையல் விஷயத்தைச் சொன்னேன். தாளில் ஒரு சாலையும் தையலும் வரைந்து பார்த்தார். பிறகு, "அப்ப ஊர் ரோட்டுலயெல்லாம் அந்தத் தையலைப் போட்டுட்டா போச்சே, சார்?" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அடுத்த சோதனையில் வண்டி எல்லாப் பொம்மைக்கும் நின்றது. சான்றிதழ் வாங்கிவிட்டது. இப்போது ஊருக்குள் ஓடுகிறது. நான் தெரிந்துகொண்டதை வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. உங்களுக்கும்தான்.

நீங்கள் எல்லோரும் பொத்தானைப் பற்றியே கேட்டீர்கள். என் மனைவி பொத்தானைப் பற்றிக் கேட்கவில்லை. தம்பியின் துணிகளை மடித்துக்கொண்டே, "அவன் எதுக்குங்க ரோட்டுக்குள்ள போனான்?" என்றாள். மறுநாளும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

பெரிய மாமியாரின் செருப்பு கழன்று சாலையில் விழுந்தது, அதை எடுக்கப் போனான் என்று அறிக்கையில் இருக்கிறது. செருப்பு கழன்று விழவில்லை. காலையில் நான்தான் கொண்டுபோய் வைத்தேன், எல்லாத் தையலையும் விட்டு விலகி.

அவன் நிழற்குடைக்குக் கீழே ஒதுங்கியிருந்தான். மோட்டார்காரருக்குக் கேட்காத அலைவரிசையில் வாக்கிடாக்கியில் கூப்பிட்டேன். "அந்தச் செருப்பை எடுத்துட்டு வந்துரு."

"மாமா, புது மாப்பிள்ளை வர்ற நேரம்."

"நான் பாத்துக்கறேன்."

"மாமியார் செருப்புக்கு மச்சானை நனைய வெக்கிறீங்க. அக்காகிட்ட சொல்றேன் இருங்க" என்றான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கினான். வண்டி வரும் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரும் அதே நிழற்குடையில்தான் நின்றிருந்தார். அவரிடமும் சொல்லியிருக்கலாம். சொன்னால் போயிருப்பார். எனக்கு மனம் வரவில்லை. ஊரான் பிள்ளையை அப்படி அனுப்புவது பாவம். எது நடந்தாலும் நம் வீட்டோடு போகட்டும் என்றுதான் இவனை அனுப்பினேன்.