லென்ஸ் அக்கா கேட்ட பத்து நிமிடம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, அக்காவின் கணவர் அவர்களே, அவர் பெற்ற மகளே, பள்ளியிலிருந்து வந்திருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, பெற்றோர்களே, என்னோடு மீட்பு வண்டியில் ஏறி இறங்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். அதைப் படிக்கப்போவதில்லை. இரண்டு வருடமாக நான் மறைத்துவைத்த ஒன்றை இந்த மேடையில் சொல்லாவிட்டால், அக்காவைப் பற்றி நான் என்ன புகழ்ந்தாலும் அது பொய்யாகிவிடும். நான் கால்நடை டாக்டர், மேடைப் பேச்சாளன் இல்லை; நா தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வனவிலங்கு மீட்புப் பிரிவின் கிடங்குப் பொறுப்பாளர் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். நம்மில் யாராவது ஒரு நாளாவது அவரை அப்படிக் கூப்பிட்டோமா? லென்ஸ் அக்கா! அதுதானே அவர் பெயர், அதுதானே அவர் பதவி! பதினான்கு வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துவிட்டு நம்மிடம் வந்தவர். ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு மயக்க ஊசித் துப்பாக்கிகள். குறி பார்ப்பதற்கு அவற்றின் மேல் பொருத்தும் ஸ்கோப்புகள் இரண்டு, புதியது ஒன்று, பழையது ஒன்று. நான்கு பைனாகுலர். இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம்.

அந்த ஸ்கோப்பை அவர் துடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்தே தூசியைப் போக்குவார். வாயால் ஊதமாட்டார், எச்சில் தெறிக்கும் என்பார். பிறகு மெல்லிய பிரஷ். அதற்கப்புறம்தான் துணி. துடைக்கும் மருந்தை லென்ஸில் விடாமல் துணியில் ஒரு சொட்டு விட்டு, நடுவில் தொடங்கி ஓரத்துக்குச் சுற்றிச் சுற்றி, தூங்கும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைப்பார். "மண்ணு ஒட்டியிருக்கும்போது துணிய வச்சுத் தேய்ச்சா, அது துடைக்கிறது இல்ல டாக்டர், உப்புத்தாள் போடுறது" என்பார்.

யாரைத்தான் விட்டார்! நடந்துகொண்டிருந்த கூட்டத்தில் எழுந்து நின்று, "சார், கண்ணாடியக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. இவ்ளோ அழுக்குக்குப் பின்னால இருந்துதான் எங்க வேலைய மதிப்பு போடுறீங்களா?" என்று நம் இயக்குநரிடமே கேட்டவர் அல்லவா! இயக்குநர் சிரிக்கிறார். அன்றும் சிரித்தார்.

நண்பர்களே, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கிய ஒரு கரடி தொடக்கப்பள்ளிக்குள் புகுந்துவிட்டது. மற்ற வகுப்புகளை எல்லாம் பின்வாசல் வழியாக வெளியேற்றிவிட்டார்கள். கடைக்கோடி அறையில் மட்டும் முப்பத்தொரு பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் மாட்டிக்கொண்டார்கள். அந்த அறைக்கு இருந்தது ஒரே கதவு. கதவுக்கு வெளியே கரடி. தலைமை ஆசிரியையின் குரல் நம் தொலைபேசியில் ஒலிபெருக்கி வழியாக அலறுகிறது. நான் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நிற்கிறார். அக்கா பெட்டியைத் திறந்து புதிய ஸ்கோப்பை எடுத்தார், விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு இதத் துடைச்சது?"

முன் லென்ஸ் முழுக்க மெல்லிய கீறல்கள். ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

நான் சொன்னேன், "தெரியலக்கா."

தெரியும்! முந்தைய நாள் பயிற்சியில் லென்ஸில் சேறு தெறித்தது. வீட்டுக்குப் போகும் அவசரம். சட்டை நுனியை இழுத்து அழுத்தித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனவன் நான்தான். இதோ, இந்தக் கைதான்.

அக்கா என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. பழைய ஸ்கோப்பை எடுத்து, "பத்து நிமிஷம் குடுங்க" என்றார்.

ஸ்கோப்பை மாற்றினால் சும்மா மாட்டிக்கொண்டு போய்விட முடியாது. சுட்டுப் பார்த்து, ஊசி விழும் இடத்துக்குக் குறியைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அதற்குத்தான் பத்து நிமிடம்.

"அக்கா, உள்ள புள்ளைங்க இருக்கு!" என்று டிரைவர் கத்தினார்.

"அதுக்குத்தான் கேக்குறேன்."

நான் கத்தினேன், வாசல் காவலர் கத்தினார். கொல்லையில் மரப்பலகையை நிறுத்திச் சுட்டோம். முதல் ஊசி ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் போனது. அக்கா ஸ்கோப்பின் திருகாணியைத் திருப்பினார். இரண்டாவது நாலு விரல் தள்ளி. மறுபடி திருப்பினார். "தாழ்ப்பா ஆடுதுங்க, கதவத் தள்ளுது, தாழ்ப்பா ஆடுது" என்று ஒலிபெருக்கி அழுகிறது. அக்காவின் கையிலிருந்து திருப்புளி இரண்டு முறை கீழே விழுந்தது. நாம் கத்துவதில் பதறுகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது ஊசி நடுவில் போய் நின்றபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

கிடங்கை விட்டு வெளியே வராதவர் அன்று தானே வண்டியில் ஏறினார். துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "ஏசி போடாதீங்க. வெளிய எடுத்ததும் லென்ஸ் வேர்த்துடும்" என்றார். ஜன்னல் திறந்தபடி, மழை முகத்தில் அடிக்க அடிக்கப் போய்ச் சேர்ந்தோம்.

சுற்றுச்சுவர்மேல் படுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். முப்பது அடி தூரம். வாசல் பக்கம் மழை வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது, வராந்தாவோ இருட்டு. ஆனால் பழைய லென்ஸ் துல்லியமாக இருந்தது! கரடியின் தொடையில் நனைந்த ரோமம் பிரிபிரியாகத் தெரிந்தது. விரலை அழுத்தப் போனேன். அப்போது அந்தத் தொடைக்கு அரைச் சாண் தள்ளி, ஜன்னல் கம்பியில் ஐந்து சின்ன விரல்கள் தெரிந்தன.

ஒரு பிள்ளை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தது. ஊசியில் இருந்தது கரடியை வீழ்த்தும் மருந்து. அது ஒரு பிள்ளையின் உடம்பில் ஏறினால்? நான் கீறிவைத்த லென்ஸில் அந்த வெளிச்சத்துக்கு வெள்ளைப் புகைதான் தெரிந்திருக்கும். அந்த விரல்கள் எனக்குத் தெரிந்திருக்குமா? சொல்லுங்கள், தெரிந்திருக்குமா?

காத்திருந்தேன். கரடி எழுந்து இரண்டு முன்னங்காலையும் கதவில் ஊன்றியது. பலகை முனகியது. உள்ளே பிள்ளைகள் வீரிட்டார்கள். "சுடுங்க டாக்டர்!" என்று கீழே யாரோ கெஞ்சினார்கள். பிறகு அது கதவை விட்டு இறங்கிப் படிப்பக்கம் திரும்பியது. சுட்டேன். தொடையில் பாய்ந்தது. அது தள்ளாடி, குழாயடியில் உட்கார்ந்து, தலை சாய்க்கும்வரை ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கதவு திறந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக ஆசிரியை வந்தார். நேரே அக்காவிடம் போனார்.

"நீ எங்கம்மா இங்க?"

"ஸ்கோப்ப எடுத்துக்கிட்டு வந்தேன்டி."

அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது! அந்தப் பதினொரு நிமிடமும் உள்ளே இருந்தது அவர் பெற்ற மகள். நாங்கள் "புள்ளைங்க, புள்ளைங்க" என்று அவரிடமே கத்திக்கொண்டிருந்தோம். அவர் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்புளி ஏன் விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஐந்து பக்கத்தைப் படித்துவிட்டு இறங்கியிருப்பேன். முடியவில்லை.

புறப்படத் தாமதம் ஏன் என்று விசாரணை வந்தது. அக்கா எழுதிக் கொடுத்தார்: "ஸ்கோப்பில் கீறல் இருந்ததால் மாற்றினேன். கீறலுக்குக் காரணம் தெரியவில்லை." என் பேச்சை எடுக்கவே இல்லை. பொருளைக் கவனக்குறைவாகப் பராமரித்தார் என்று அவருடைய பணிப்பதிவேட்டில் கண்டனம் ஏறியது. லென்ஸ் அக்காவுக்கு! கவனக்குறைவு! பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை தடவை கிடங்கு வாசல்வரை போனேன்!

"என்ன டாக்டர், வாசல்லயே நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா, கையுறை வேணும்."

கொடுப்பார். என் அலமாரியில் பிரிக்காத கையுறைப் பெட்டி ஏழு இருக்கிறது.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து போன் செய்தார். "மழை புடிச்சிடுச்சு, ஸ்கோப் பெட்டிக்குள்ள ஈரம் உறிஞ்சுற பொட்டலத்த மாத்தினீங்களா? விட்டா லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிடும்." மாற்றிவிட்டேன் என்றேன். மாற்றவில்லை. போனை வைத்ததும் ஓடிப்போய் மாற்றினேன். வைப்பதற்கு முன்னால் துணிந்து, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "நர்ஸ் வந்துட்டாங்க டாக்டர், அப்புறம் பேசுவோம்" என்றார். வியாழக்கிழமை விடியும்போது அவர் இல்லை.

மகளே, உன் அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதனால் எனக்கு ஆறுதல் இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியமும் இல்லை.

தோழர்களே, இப்போதும் வெளியே மழை. என் இடுப்பில் போன் இருக்கிறது. இந்தக் கூட்டம் முடிவதற்குள் அது அடிக்கலாம். அடித்தால் யார் அந்தப் பெட்டியைத் திறப்பது? யார் விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்ப்பது? ஊரே கத்தும்போது யார் பத்து நிமிடம் கேட்பது? அந்த இடத்துக்கு வேறு ஆள் வரும்வரை நான் செய்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்குக் கிடங்கை நான் திறக்கிறேன். ஒவ்வொரு முறை வெளியே போய் வந்தபின்பும் காற்றடித்து, பிரஷ் போட்டு, துடைத்து, பதிவேட்டில் என் கையெழுத்தைப் போடுவேன். கீறினால், கீறியது நான் என்று எழுதுவேன். பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே செய்கிறேன்.

இயக்குநர் அவர்களே! அந்தக் கண்டனத்தை அக்காவின் பதிவேட்டிலிருந்து எடுத்து என் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அலுவலகத்தில் வைத்து வேண்டாம். இங்கேயே, இவர்கள் எல்லோரும் பார்க்க, எழுந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.