ஹலீமா பீயின் குரலில் நான் சொன்ன சம்மதம்

1933-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்கு, வேலூரில் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பாக, போலீஸார் எவரும் அறையில் இல்லாதபோது எழுதப்பட்டது.

என் பெயர் ஜியாவுதீன். வயது 19. தகப்பனார் பெயர் அப்துல் ஷுக்கூர், தோல் தரம் பிரிக்கும் வேலை. குடியிருப்பு ஆம்பூர். வேலூர்க் கல்லூரியில் இன்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்து வந்தேன். நான் சொல்வது எனக்கு விரோதமாகவே உபயோகப்படும் என்று மாஜிஸ்திரேட் அவர்கள் இரண்டு தரம் எச்சரித்தார்கள். யோசிப்பதற்கு ஒரு நாள் அவகாசமும் கொடுத்தார்கள். யோசித்துத்தான் சொல்கிறேன்.

எனக்குப் பாடம் கணக்கும் பௌதிகமும். நாடகம் பாடமல்ல. ஆனால் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே நாடக சபையில் சேர்ந்துவிட்டேன். மீசை அடர்த்தியாக வராததாலும் குரல் மெல்லியதானதாலும் எனக்கு ஸ்திரீ வேஷமே கொடுத்தார்கள். பௌதிகத்தில் இரண்டு பரீட்சை தவறியபோதும் ஒத்திகைக்கு நான் தவறியதில்லை. இது என் தகப்பனாருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஹலீமா பீ அவர்களுடையது. காலஞ்சென்ற கலீமுல்லா சாயபுவின் மனைவி. பாலாற்றங்கரையில் இருக்கும் தோல் கிடங்கை அவர் தம் மனைவிக்கு மஹராக, அதாவது மணக்கொடையாக, எழுதி வைத்துவிட்டு இறந்தார். நான் அவர்களைக் காலா என்று அழைப்பேன்; சின்னம்மா என்று அர்த்தம். சிறு வயதில் அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தேன். எனக்குப் பதின்மூன்று வயதானதும் கோஷா முறைப்படி அவர்கள் என் எதிரில் வருவதை நிறுத்திக்கொண்டு, திரைக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார்கள். அதன் பிறகு ஆறு வருஷமாக எனக்கு அவர்களுடைய குரல் மட்டுமே தெரியும். பதில் சொல்வதற்கு முன் ஒரு மூச்சை உள்ளே இழுப்பார்கள். வாக்கியத்தின் கடைசி வார்த்தை பாதி காற்றாகிவிடும்.

சென்ற டிசம்பரில் கல்லூரி ஆண்டு விழா நாடகத்தில் எனக்கு மகனைப் பறிகொடுத்த தாயார் வேஷம் வந்தது. எந்தக் குரலில் பேசியும் சரிப்படவில்லை. ஒரு நாள் ஒத்திகையில் காலாவின் குரலில் பேசிப் பார்த்தேன். கூட நடித்தவர்கள் தங்கள் வசனத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். அதையே வைத்துக்கொண்டேன். அவர்களிடம் கேட்கவில்லை. விழாவுக்கு ஆம்பூர் தோல் வியாபாரிகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் கலீமுல்லா சாயபுவின் தம்பி வாஹித் பாஷாவும் ஒருவர். நாடகம் முடிந்ததும் அவர் வேஷ அறைக்கு வந்து, "இன்னாடா இது, கண்ணை மூடினா எங்க அண்ணி பேசுற மாதிரியே கீது" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அன்று கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஜனவரியில் அவர் இரண்டு முறை கல்லூரிக்கு வந்து என்னைப் பார்த்தார். மெட்ராஸில் நாடகக் கம்பெனி நடத்தும் ஒருவர் தமக்குத் தோஸ்த் என்றும், பரீட்சை முடிந்ததும் என்னை அங்கே சேர்த்துவிடுவதாகவும் சொன்னார். பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் வந்து, அண்ணி கிடங்கைத் தமக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்து விட்டதாகவும், ஆனால் சீக்காக இருப்பதால் பத்திரம் பதிவு செய்யும் அதிகாரி முன்னால் பேசத் தெம்பு இல்லையென்றும், அவர்களுக்குப் பதிலாக நான் திரைக்குப் பின்னால் இருந்து பேசினால் போதுமென்றும் சொன்னார். "உனக்கு இது நாடகம்தான். அவங்களுக்கு ஒரு பேஜார் கம்மி" என்றார். நான் நம்பினேன் என்று சொல்லலாமென்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். நம்பவில்லை. காலா சம்மதித்திருந்தால் நான் ஒரு தரம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்று தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

பிப்ரவரியில் காலா உறவினர் பிரசவத்துக்காகக் குடியாத்தம் போவதும் வருவதுமாக இருந்தார்கள்; 18-ஆம் தேதி அங்கே இருந்தார்கள், மகள் நசீமுன்னிசா வேறு ஊரில் இருந்தாள். வீட்டுச் சாவி வாஹித் பாஷாவிடம் இருந்தது. நான் கல்லூரிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வாணியம்பாடியில் அவருக்குத் தெரிந்த வீட்டில் முகம் மழித்து, கைகளுக்கு மருதாணி இட்டு, வளையல் போட்டு, புர்கா அணிந்து, திரை கட்டிய ஜட்காவில் காலை பத்து மணிக்கு எங்கள் தெருவில் வந்து இறங்கினேன். அப்போது என் தாயார் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "இன்னா ஹலீமா, அதுக்குள்ள வந்துட்ட? உடம்பு சரியில்லையாமே?" என்று கேட்டார். நான் மூச்சை உள்ளே இழுத்து, "பரவால்ல. அப்புறம் பேசுறேன்" என்று காலாவின் குரலில் சொன்னேன். என் தாயாருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகு பதினொன்றரை மணிக்கு சப்-ரிஜிஸ்திரார், கோஷா ஸ்திரீகளுக்குச் செய்வதுபோல் வீட்டுக்கே வந்து திரைக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்தார். வாஹித் பாஷாவும் இன்னொருவரும் என்னை ஹலீமா பீ என்று அடையாளம் சொன்னார்கள். கிடங்கின்மேல் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார்களா என்று அதிகாரி கேட்டார். காட்டினார்கள் என்றேன். யாராவது பயமுறுத்தினார்களா என்று கேட்டார். இல்லை என்பதோடு நிறுத்த வேண்டுமென்றுதான் வாஹித் பாஷா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் நிறுத்தவில்லை. "அவரே இல்லாதப்ப கிடங்கு எனக்கு இன்னாத்துக்கு அய்யா? தோல் வாசனை வந்தா அவர் வந்துட்டாருன்னு எழுந்து உக்கார்றேன். தம்பியே பாத்துக்கட்டும்" என்றேன். அது எந்தப் பத்திரத்திலும் இல்லாதது. எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது. அதிகாரி, "சரிம்மா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதன் பிறகு கேள்வி கேட்கவில்லை. அவர்மேல் தப்பில்லை. திரைக்கு வெளியே கையை நீட்டினேன். வாஹித் பாஷா சொல்லியிருந்தபடி கட்டைவிரலை அழுத்தும்போது லேசாக இழுத்ததால் ரேகை கலைந்துவிட்டது. சீக்காளியின் கை நடுங்கியதென்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஏப்ரலில் வாஹித் பாஷா கிடங்குக்கு வேறு பூட்டுப் போட்டார். காலா போலீஸில் மனுக் கொடுத்தார்கள்; ஆனால் அன்று அவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்று குடியாத்தத்து உறவினர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. விசாரணையில் சப்-ரிஜிஸ்திரார், தாம் கேட்டது துக்கப்பட்ட ஒரு விதவையின் பேச்சென்றும், அதை ஒருவர் சொல்லிக்கொடுத்துப் பேச முடியாதென்றும் சொன்னார். என் தாயார், அன்று காலை ஹலீமா பீ வண்டியில் வந்து இறங்கித் தம்மோடு பேசியதைப் பிரமாணத்தின் பேரில் சொன்னார். என் தாயார் பொய் சொல்லாதவர். அன்று வீட்டுக்கு வந்து, "கொடுத்துட்டு இல்லைன்றாளே, எப்படி இருந்த பொம்பளை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான் எதிரில் பரீட்சைப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. காலா மகளோடு குடியாத்தம் போய்விட்டார்கள்.

இந்த மாதம் 8-ஆம் தேதி நான் குடியாத்தம் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு காலா, "பேசிக் காட்டு" என்றார்கள். முடியாது என்றேன். "அவங்க எல்லாருக்கும் பேசிக் காட்டினியே. நான் மட்டும் கேக்கக் கூடாதா?" என்றார்கள். அதன் பேரில் அந்த வார்த்தைகளை அவர்கள் குரலில் அப்படியே சொன்னேன். முடிப்பதற்குள் உள்ளே நசீமுன்னிசா அழும் சத்தம் கேட்டது. "அம்மா, என்னை மன்னிச்சுடும்மா" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தத் தோல் வாசனைப் பேச்சை விசாரணையில் கேட்டது முதல், இது அம்மாவின் பேச்சேதான், கொடுத்துவிட்டு மறந்துவிட்டாள், புத்தி பிசகிவிட்டது என்று மகளே நினைத்திருக்கிறாள். மூன்று மாதமாகத் தாய்க்குத் தெரியாமல் வைத்தியம் விசாரித்திருக்கிறாள்.

காலா என்னிடம், "கிடங்கு போனது எனக்குக் கம்மி. இவ என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, அதுதான் ஜாஸ்தி" என்றார்கள். பிறகு, "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு பேட்டா. ராத்திரி பகலா யோசிச்சேன், நான்தான் சொன்னேனோன்னு" என்றார்கள். நான் மன்னிக்கும்படி கேட்டேன். "அது அப்புறம். முதல்ல உங்க அம்மாகிட்ட சொல்லு. என்னால அவளோட பேசாம இருக்க முடியல" என்றார்கள்.

மறுநாள் என் பெற்றோரிடம் சொன்னேன். என் தகப்பனார் கை ஓங்கி, பிறகு இறக்கிக்கொண்டார். என் தாயார் செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து, குடியாத்தத்துக்கு ரயிலேறினார். இன்னும் திரும்பவில்லை. நான் நேரே இங்கே வந்தேன்.

மாஜிஸ்திரேட் அவர்கள், வாஹித் பாஷாவின்மேல் எனக்கு விரோதம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. அவர் கேட்டார்; செய்தது நான். சப்-ரிஜிஸ்திராரின் முன்பு அந்தக் குரலில் பேசிக் காட்டுவாயா என்று கேட்டார்கள். ஹலீமா பீ அவர்கள் அனுமதித்தால் ஒரே ஒரு தரம் பேசுகிறேன். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பேசமாட்டேன். கல்லூரிக்கு விலகல் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன்.

இதை யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) அ. ஜியாவுதீன்

குறிப்பு: ஜூலை 19-ஆம் தேதி ஹலீமா பீயின் அனுமதியின் பேரில் மேற்படியார் சப்-ரிஜிஸ்திரார் முன்பாகத் திரைக்குப் பின்னிருந்து அவ்வார்த்தைகளைச் சொன்னார். சப்-ரிஜிஸ்திரார் நாற்காலியை விட்டு எழுந்து, தாம் கேட்ட குரல் அதுவே என்றார். அக்குரலைக் கேட்டபோது, அறையின் மறுகோடியில் கோஷாவாக அமர்ந்திருந்த ஹலீமா பீயின் கையை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜியாவுதீனின் தாயார் பிடித்துக்கொண்டிருந்தார். வாஹித் பாஷாவைக் கைது செய்ய வாரண்டு பிறப்பிக்கப்பட்டது.

(ஒப்பம்) மாஜிஸ்திரேட்